வேலை நேர்காணல்: சேலத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் மனிதவளப் பிரிவில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். அத்தனை வருடமும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில், நேர்காணலுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தாரமங்கலம், ஓமலூர், வாழப்பாடி, ஏற்காடு என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஊர் வேறு, படிப்பு வேறு. கேட்கிற கேள்விகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் செல்போனில் பார்த்த பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். பிறந்து வளர்ந்த தறியையும் பட்டறையையும் காட்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதைப் பேச வைப்பதிலேயே எனக்குப் பாதி ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது.

“அக்கா, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எங்கிருந்து ஆரம்பிக்கிறது?”

பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், பொழுதுபோக்கு என்று வரிசையாகச் சொன்னால், அவர்கள் கையில் இருக்கிற பயோடேட்டாவையே திரும்பப் படித்துக் காட்டுகிறீர்கள். அதில் புதிதாக அவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை.

இந்தக் கேள்வி ஏன் முதலில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேட்கிறவர் பல நேரம் உங்கள் பயோடேட்டாவை அப்போதுதான் கையில் எடுத்திருப்பார். நீங்கள் பேசுகிற ஒன்றரை நிமிடத்தில் அதை ஒரு தடவை பார்த்துவிடுவார். உங்கள் பேச்சில் எது அவர் காதில் விழுகிறதோ, அதைப் பிடித்துத்தான் அடுத்த கேள்வி வரும். அதனால் எதைப் பற்றிக் கேட்டால் உங்களால் நன்றாகப் பேச முடியுமோ, அதை இந்தப் பதிலுக்குள் வைத்துவிடுங்கள்.

என்ன படித்தேன், என்ன செய்திருக்கிறேன், இந்த வேலைக்கு ஏன் வந்தேன். இந்த மூன்றும் போதும். போன வருடம் ஒரு பி.காம் பெண்ணோடு உட்கார்ந்து நாங்கள் எழுதிய பதில் இது:

“வணக்கம் சார். நான் பி.காம் முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. பதினொன்றாம் வகுப்பிலிருந்து பாவு வந்த தேதி, ஊடை நூல் எடை, இறங்கிய சேலை எண்ணிக்கை, கூலி பாக்கி எல்லாம் நான்தான் நோட்டில் எழுதுகிறேன். கல்லூரி இரண்டாம் வருடத்தில் அதை எக்செலுக்கு மாற்றினேன். நூல் கொடுப்பவர் கணக்குக்கும் எங்கள் கணக்குக்கும் வித்தியாசம் வந்தால் இப்போது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. டேலியும் படித்திருக்கிறேன். உங்கள் ஸ்டோர்ஸ் கணக்கு வேலையும் இதே மாதிரி என்பதால் விண்ணப்பித்தேன்.”

இதைக் கேட்டவர் அடுத்து என்ன கேட்பார்? “எக்செலில் எப்படிப் போட்டீர்கள்?” என்றுதான் கேட்பார். அவளுக்கு அது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். முதலில் அவள் எழுதிக்கொண்டு வந்த பதிலில் தறி என்கிற வார்த்தையே இல்லை.

“அப்பாவுடைய வெள்ளிப் பட்டறையில் வேலை செய்ததை எல்லாம் சொல்லலாமா? மதிப்புக் குறையாதா?”

இந்தக் கேள்வியைக் கேட்டவன் சிவதாபுரத்துப் பையன், மெக்கானிக்கல் டிப்ளமோ. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆலையில் இருந்தபோது ஒரு தடவை ஸ்டோர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்தோம். வந்த பையன் ஒருவன், “அனுபவம் ஒன்றும் இல்லைங்க மேடம்” என்று தலையைக் குனிந்துகொண்டான். அவன் விரல்களில் சின்னச் சின்னச் சுட்ட தழும்புகள். என்ன தம்பி இது என்று கேட்டேன். கொலுசுக்குப் பற்றவைக்கும்போது பட்டது என்றான். அப்புறம் பேச்சு தானாக வந்தது. வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். கொலுசாகத் திருப்பித் தரும்போது கொலுசு எடை, மிச்சக் கம்பி, தூள் எல்லாம் சேர்த்துக் கணக்கு நேராக வேண்டும். சேதாரம் ஒத்துக்கொண்ட அளவைத் தாண்டினால் கூலியில் பிடித்துவிடுவார்கள். எட்டு வருடமாக அந்தக் கணக்கை அப்பாவுக்கு அவன்தான் பார்த்து வந்தான்.

ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் நடப்பதும் இதேதான். உள்ளே வந்த பொருள் எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, கழிவு எவ்வளவு, கணக்கு நிற்கிறதா இல்லையா. அதிலும் வெள்ளி விலையில் கிராம் கிராமாகக் கணக்குப் பார்த்தவனுக்கு நட்டும் போல்ட்டும் எண்ணிவைப்பது பெரிய காரியமா? அவனைத்தான் எடுத்தோம். நான் தழும்பைப் பார்க்காமல் இருந்திருந்தால் “அனுபவம் இல்லை” என்று எழுதி அனுப்பியிருப்பேன். அது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

ஆத்தூர் பக்கத்தில் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் சீசனுக்கு வேலை செய்தவர்கள் இருப்பீர்கள். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் நிற்கிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்த விலை போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். விவசாயி கண் முன்னாலேயே அளந்து, அவர் ஒத்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டும். தரக்கட்டுப்பாடு வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல பேச்சு எது? ஏற்காட்டுப் பிள்ளைகள் காபி பறிப்பு நேரத்தில் எடை போட்டு, பேர் வாரியாக எழுதி, சாயங்காலம் கூலிக் கணக்கு ஒப்படைத்திருப்பார்கள். முப்பது பேருக்கு எடை எழுதி ஒரு சச்சரவும் வராமல் முடித்தவர், சூப்பர்வைசர் வேலை நேர்காணலில் வாயை மூடிக்கொண்டு உட்காரக் கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. செய்ததைச் செய்த அளவுக்கே சொல்லுங்கள். பட்டறையில் உதவிக்கு இருந்துவிட்டு பயோடேட்டாவில் ‘புரொடக்‌ஷன் மேனேஜர்’ என்று போடாதீர்கள். இரண்டு கேள்வி உள்ளே போனால் தெரிந்துவிடும். அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

“ஒரு சிக்கலைச் சமாளித்த அனுபவம் சொல்லுங்கள் என்கிறார்களே?”

என்ன நடந்தது, நான் என்ன செய்தேன், கடைசியில் என்ன ஆனது. இந்த வரிசையில் சொன்னால் கேட்கிறவருக்குச் சிரமம் இல்லை. இப்படி மூன்று சம்பவங்களை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி புராஜெக்ட் ஒன்று, வீட்டு வேலையோ பகுதிநேர வேலையோ ஒன்று, யாரோடாவது கருத்து வேறுபாடு வந்து தீர்ந்தது ஒன்று. கேள்வி எப்படிச் சுற்றி வந்தாலும் இந்த மூன்றில் ஒன்று பொருந்தும்.

நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. எதைக் கேட்டாலும் “பண்ணினோம்”, “முடித்தோம்” என்றுதான் பேசுவார்கள். ‘நான்’ என்று சொன்னால் தற்பெருமை ஆகிவிடுமோ என்கிற கூச்சம். வீட்டில் அது நல்ல குணம்தான். நேர்காணலில் கேட்கிறவருக்கு அந்த ‘ஓம்’ விகுதிக்குள் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியாது. “புராஜெக்ட்டில் நான்கு பேர். வயரிங் முழுக்க நான் செய்தேன், புரோகிராம் என் நண்பன் எழுதினான்” என்று பிரித்துச் சொல்லுங்கள். நண்பனுக்கு உரியதை நண்பனுக்குக் கொடுத்துவிட்டு உங்களுடையதைச் சொல்வதில் தற்பெருமை எங்கே வந்தது?

“உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால்?”

“நான் அதிகமாக உழைப்பேன், அதுதான் என் பலவீனம்.” இதைப் பதினேழு வருடத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கே இல்லை. கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள், ஆனால் அந்த வேலைக்கு உயிரான விஷயத்தில் குறை இருப்பதாகச் சொல்லாதீர்கள். கணக்கு வேலைக்குப் போய் ‘கூட்டலில் தப்பு வரும்’ என்று சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் அதைச் சரி செய்ய என்ன செய்துவருகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓமலூர்ப் பையன் ஒருவன் சொன்னது எனக்குப் பிடித்தது: “புரியவில்லை என்றாலும் திரும்பக் கேட்கத் தயங்குவேன். ஒரு தடவை அதனால் லேபில் தப்பான அளவில் பீஸ் வெட்டிவிட்டேன். இப்போது வேலை ஆரம்பிக்கும் முன் அளவைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்கிறேன்.” பொய் இல்லாத பதில், அதனால் எங்கே கேட்டாலும் தடுமாற மாட்டான்.

“தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கிலம் வராது. போகவே பயமாக இருக்கிறது.”

இந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் முதல் நேர்காணல் சென்னையில். பத்து நாள் மனப்பாடம் செய்த பத்தியை ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கேட்டவர் சிரித்த முகத்தோடு அதிலிருந்தே சின்னக் கேள்வி ஒன்று கேட்டார். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. திரும்பி வருகிற ரயிலில் அரக்கோணம் தாண்டும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

அதனால் ஒப்பிக்கிற ஆங்கிலத்தை விட்டுவிடுங்கள். முதலில் உங்கள் வேலைக்கு எவ்வளவு ஆங்கிலம் தேவை என்று பாருங்கள். ஐடிஐ, டிப்ளமோ முடித்து மேட்டூர், சங்ககிரி, ஓமலூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் தமிழில்தான் பேசுவார்கள். கருவிகளின் பெயரும் பாதுகாப்பு வார்த்தைகளும் ஆங்கிலத்தில் தெரிந்தால் போதும். மெடிக்கல் கோடிங் (மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றுகிற வேலை) என்றால் படித்துப் புரிந்துகொள்கிற ஆங்கிலம் வலுவாக இருக்க வேண்டும். போனில் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுகிற வேலை என்றால் பேச்சு ஆங்கிலம் தவிர்க்க முடியாதது. அதற்கு மூன்று நான்கு மாதம் உழைத்துவிட்டுப் போங்கள்.

பயிற்சிக்கு நான் சொல்கிற வழி இது. உங்களைப் பற்றிப் பன்னிரண்டு சின்ன வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள். அவற்றை உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். தெரியாத வார்த்தை வந்தால் அகராதி தேடாமல் வாக்கியத்தையே சுலபமாக்குங்கள். அப்புறம் அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு செல்போனில் பதிவு செய்துகொண்டே பேசுங்கள். ஒவ்வொரு நாளும் வாக்கியங்களின் வரிசையை மாற்றுங்கள். வரிசை மாறினாலும் பேச வந்துவிட்டால் அது மனப்பாடத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பதிவைக் கேட்கும்போது இலக்கணத்தை விடுங்கள், வேகத்தைக் கவனியுங்கள். பயத்தில் எல்லோருக்கும் வேகம் கூடும். மெதுவாகப் பேசினாலே பாதித் தவறு குறைந்துவிடும்.

நேர்காணலில் நடுவே வார்த்தை வராவிட்டால், “சார், இதைத் தமிழில் சொல்லட்டுமா?” என்று ஆங்கிலத்திலேயே ஒரு வரி கேளுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் நன்றாகப் பழகிவையுங்கள். நான் கேள்வி கேட்ட காலத்தில் அப்படி அனுமதி கேட்டவர் யாரையும் அதற்காகக் குறைத்து மதிப்பிட்டதில்லை.

“இரண்டு வருடம் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தேன். அந்த இடைவெளியை எப்படிச் சொல்வது?”

இருக்கிறபடியே சொல்லுங்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் படித்த பரீட்சை அது. கேட்கிறவருடைய தம்பியும் படித்திருப்பார். அவர்கள் மனதில் இருக்கிற சந்தேகம் வேறு: நாளைக்கு அரசு வேலை கிடைத்தால் விட்டுவிட்டுப் போய்விடுவாயா? அதற்கு நேராகப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். “இரண்டு வருடம் முழுமூச்சாக முயற்சி செய்தேன். இனி வேலையில் இருந்து அனுபவம் சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டேன்” என்று சொல்லலாம், அது உண்மையாக இருந்தால். தொடர்ந்து எழுதப் போகிறீர்கள் என்றால் அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த இரண்டு வருடத்தில் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்து படித்ததும், டியூஷன் எடுத்ததும், வீட்டுக் கடையைப் பார்த்ததும் சொல்லத் தகுந்தவைதான்.

அரசு வேலைக்கு நேர்காணல் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். மத்திய அரசில் குரூப் சி பணிகளுக்கும், கெஜடட் அல்லாத குரூப் பி பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணல் கிடையாது. ஐபிபிஎஸ் வங்கித் தேர்வில் கிளார்க் பணிக்கு நேர்காணல் இல்லை. புரொபேஷனரி ஆபீசருக்கு உண்டு, எழுத்துத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்கிற விகிதத்தில் மதிப்பெண் சேர்ப்பார்கள்.

அரியர் விஷயமும் இப்படித்தான். எத்தனை இருந்தது, எப்போது முடித்தேன் என்று இரண்டு வரியில் சொல்லி முடித்துவிடுங்கள். வாத்தியார் சரியில்லை, பேப்பர் திருத்தியவர் சரியில்லை என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

“எங்கள் நிறுவனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் எவ்வளவு படித்திருக்க வேண்டும்?”

ஒரு மணி நேர வேலைதான். என்ன தயாரிக்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், நீங்கள் போகிற பிரிவு அதில் எங்கே இருக்கிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் போதும். நிறுவனர் பிறந்த நாள் எல்லாம் யாரும் கேட்பதில்லை.

சேலம் இரும்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அது செயில் என்கிற பொதுத்துறை நிறுவனத்தைச் சேர்ந்தது’ என்று எல்லோரும் சொல்வார்கள். அங்கே தயாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதையும், 1980-களின் தொடக்கத்தில் தகட்டைக் குளிர்நிலையில் உருட்டும் ஆலையாக ஆரம்பித்து, உருக்கும் பிரிவு வெகு காலம் கழித்தே சேர்ந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போகிறவர் தனியாகத் தெரிவார். சேகோசர்வ் 1981-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் உற்பத்தியாளர்களுக்காக விற்றுக் கொடுக்கிறது என்று தெரிந்தால் அங்கே கணக்கு வேலை எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். சேலம் ரயில்வே கோட்டம் 2007 நவம்பரில் உருவானது. இவையெல்லாம் நம் வீட்டு வாசலில் இருக்கிற விஷயங்கள். தெரியாமல் போனால் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதே கஷ்டம்.

சின்ன நிறுவனம் என்றால் இணையத்தில் ஒன்றும் இருக்காது. அங்கே வேலை பார்க்கிற யாரையாவது பிடியுங்கள். சேலத்தில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்றாவது ஆள் அங்கே வேலை செய்கிறவராக இருப்பார்.

“டெக்னிக்கல் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்?”

“தெரியவில்லை சார்” என்று சொல்லலாம். அதோடு நிறுத்தாமல், அதற்குப் பக்கத்தில் தெரிந்ததைச் சொல்லுங்கள். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏன் துருப்பிடிப்பதில்லை’ என்று கேட்டு, வேதியியல் முழுக்க நினைவில்லை என்றால், “குரோமியம் சேர்ப்பதால் மேலே மெல்லிய படலம் உண்டாகிறது, அது காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் காக்கிறது. எத்தனை சதவீதம் என்று நினைவில்லை” என்று சொன்னாலே போதும். (குறைந்தது 10.5 சதவீதம், பாத்திரக் கடையில் 18/8 என்கிறார்களே, அது 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல்.)

அடிப்படைக் கேள்விகளைத்தான் அதிகம் கேட்பார்கள், நம் பிள்ளைகள் கோட்டைவிடுவதும் அங்கேதான். மைக்ரோமீட்டரால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு என்ன? சாதாரணமாக 0.01 மில்லிமீட்டர். வெர்னியருக்கு? பெரும்பாலும் 0.02. பி.காம் படித்தவரிடம் ஜிஎஸ்டி எப்போது வந்தது என்று கேட்டால் 2017 ஜூலை 1 என்று வர வேண்டும். கடைசி செமஸ்டர் புத்தகத்தைவிட முதல் வருடப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போவது நல்லது.

“எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்றால் என்ன சொல்வது?”

“நீங்கள் பார்த்துக் கொடுங்கள்” என்று சொல்லாதீர்கள். அதே வேலையில் இருக்கிற இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு, இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று ஒரு வரம்பைச் சொல்லுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவருக்குப் பேரம் பேச அதிக இடம் இருக்காது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

சிடிசி (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடுகிற மொத்தத் தொகை) என்பதற்கும் கையில் வருவதற்கும் உள்ள தூரத்தைத் தெரியாமல் பெங்களூருக்குப் போய்க் கஷ்டப்பட்டவர்கள் பலர். ஆண்டுக்கு 2,40,000 சிடிசி என்றால் மாதம் 20,000 என்று நினைக்கிறோம். அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் கட்டுகிற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், அதாவது 1,200. கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) ஒதுக்குவது சுமார் 481. நிறுவனத்தின் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கு மொத்தச் சம்பளத்தில் 3.25 சதவீதம், சுமார் 577. இவ்வளவும் அந்த 20,000-க்குள்ளேயே இருந்தால் உங்கள் மொத்தச் சம்பளம் சுமார் 17,740. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,200, இஎஸ்ஐ 0.75 சதவீதமாக 133 போகும். கைக்கு வருவது ஏறக்குறைய 16,400. நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும். பிஎஃப் உங்கள் பணம்தான், வீண் இல்லை. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ மருத்துவ வசதியும் பெரிய துணை. இருந்தாலும் ஹாஸ்டல் வாடகையைக் கையில் வருகிற தொகையில்தான் கட்ட வேண்டும். அதனால் “மாதம் கையில் எவ்வளவு வரும் சார்?” என்று மரியாதையோடு கேட்டுவிடுங்கள்.

“கல்யாணம் எப்போது என்று கேட்கிறார்கள் அக்கா. என்ன பதில் சொல்ல?”

இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி என்னையும் பழக்கினார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் நானும் கேட்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண்களின் முகம் வாடியது ஞாபகம் இருக்கிறது. வருத்தமாக இருக்கிறது.

ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காக ஒதுக்கக் கூடாது என்று 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தது, இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கிற சட்டமும் அதையே சொல்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு 2017-லிருந்து இருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. ஆனால் நேர்காணல் அறையில் சட்டம் பேசிச் சண்டை போடுவதா, வேலையை வாங்குவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சொல்லிக்கொடுக்கிற பதில்: “என் குடும்ப விஷயம் எப்படி இருந்தாலும் வேலையைத் தொடரும் முடிவோடுதான் வந்திருக்கிறேன் சார். ஷிஃப்ட் நேரம் பற்றிச் சொன்னால் என்னால் முடியுமா என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.” பேச்சு வேலைக்குத் திரும்பிவிடும். அதற்குப் பிறகும் விடாமல் துருவினால், அந்த இடத்தில் சேர்ந்தபின் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே அடையாளம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“வெளியூர் வருவீர்களா என்று கேட்டால் சரி என்று சொல்லிவிடலாமா?”

வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள். ஓசூரோ கோயம்புத்தூரோ பெங்களூரோ, வேலை கிடைத்தபின் “அம்மா விட மாட்டேன் என்கிறார்கள்” என்று பின்வாங்குகிறவர்கள் அதிகம். அந்த இடம் வேறு யாருக்கோ போயிருக்க வேண்டியது. போக முடியாத உண்மையான காரணம் இருந்தால், “இப்போது இரண்டு வருடம் சேலத்தில்தான் இருக்க வேண்டிய நிலை, அதன்பிறகு வர முடியும்” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

“ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?”

“உங்கள் நாற்காலியில்” என்று சொல்லச் சொல்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். இந்த வேலையில் அடுத்த படி எது என்று விசாரித்துவிட்டு, அதைச் சொல்லுங்கள்.

“ஆன்லைன் நேர்காணலுக்கு வீட்டில் வசதி இல்லை.”

வீட்டில் தறி ஓடினால் பேச்சு கேட்காது. அந்த ஒரு மணி நேரம் தறியை நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு வீட்டுக்குப் போக வேண்டும். மலையில் சிக்னல் விட்டு விட்டு வருகிற இடங்கள் உண்டு. ஏற்காட்டுப் பிள்ளைகள் முதல் நாளே கீழே இறங்கி உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வது நல்லது; இருபது கொண்டை ஊசி வளைவையும் காலையில் இறங்கி வந்து, தலைசுற்றலோடு கேமரா முன் உட்கார வேண்டாம். செல்போனைக் கையில் பிடிக்காமல் நான்கு புத்தகத்தை அடுக்கி அதன்மேல் சாய்த்துவையுங்கள். ஜன்னல் உங்களுக்கு எதிரில் இருக்கட்டும், முதுகுப் பக்கம் வேண்டாம். திரைக்குப் பக்கத்தில் பதிலை ஒட்டிவைத்துப் படித்தால் கண் போகிற போக்கிலேயே தெரிந்துவிடும்.

“என்ன உடை, என்னென்ன கொண்டு போவது?”

துவைத்துத் தேய்த்த சாதாரண உடை போதும், கடன் வாங்கி வாங்காதீர்கள். சான்றிதழ் நகல் இரண்டு செட், மூலச் சான்றிதழ், பேனா. மூலச் சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது. பெங்களூர் போன்ற ஊருக்குக் காலை நேர்காணல் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள். சுமார் இருநூறு கிலோமீட்டர் என்றாலும் நகருக்குள் நுழைந்தபின் ஆகிற நேரத்தைச் சொல்ல முடியாது.

பதிவுக் கட்டணம், டெபாசிட், யூனிஃபார்ம் பணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுக்கிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டிவிட்டு ஏமாந்த பெண் ஒருத்தி என் முன் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

“‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்றால் கேட்கலாமா?”

கேளுங்கள். “முதல் மூன்று மாதம் என் வேலை என்னவாக இருக்கும்?”, “யாரிடம் வேலை கற்றுக்கொள்வேன்?” இந்த இரண்டில் ஒன்று போதும்.

“போய்விட்டு வந்தேன், பதிலே இல்லை. இனி என்ன செய்வது?”

ஒரு வாரம் பொறுத்து ஒரு தடவை போன் செய்யுங்கள், அல்லது ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். பல நேரம் அந்தப் பதவியையே நிறுத்தி வைத்திருப்பார்கள். உங்கள் பதிலில் குறை இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்துகிற தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போங்கள். உடனே வேலை கிடைக்காவிட்டாலும் ஒரே நாளில் நான்கைந்து பேர் முன்னால் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் கிடைக்கும். கல்லூரியில் இன்னும் படிக்கிறவர்கள், 2022-ல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பயிற்சிகளை வருகைப் பதிவுக்காக மட்டும் முடிக்காமல் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், நேர்காணல் முடிந்து திரும்பும் பஸ்ஸிலேயே, கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். எதில் தடுமாறினீர்கள், எதைச் சொல்லும்போது அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள் என்றும் எழுதுங்கள். மறுநாள் காலையில் பாதி மறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள், அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.